அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைத் தமிழ் டப்பிங்கில் பார்ப்பவர்களை ‘உண்மையான ரசிகர் இல்லை’ என்று சொல்வது சரியா?

சரியில்லை என்பதே என் பதில். ஆனாலும் அந்த ஏளனத்தை வெறும் திமிர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஒரு காலத்தில் அதற்கு நியாயமான காரணம் இருந்தது. காரணம் போன பிறகும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. நீங்கள் சோலோ லெவலிங் தொடரைத் தமிழில் பார்த்ததாகச் சொன்னதும், உங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் “ஜப்பானிய ஒலியில் சப்டைட்டிலோடு பார்க்காதவன் அனிமே ரசிகனே இல்லை” என்று எழுதியதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த நண்பருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஜப்பானுக்கு வெளியே அனிமே ரசிகர்கள் அமைப்பாகத் திரண்டதன் தொடக்கங்களில் ஒன்று, 1977-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கப்பட்ட ஒரு சிறு ரசிகர் மன்றம். அப்போது ஜப்பானியத் தொடர் ஒன்றை முழுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் யாராவது அங்கிருந்து நாடாவில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அனுப்பினாலும் வசனம் புரியாது. 1980-களின் இறுதியில், ஜப்பானிய மொழி தெரிந்த ரசிகர்கள் சிலர் அமிகா கணினியையும் ஜென்லாக் என்ற கருவியையும் வைத்துக்கொண்டு, ஓடும் படத்தின் மேல் ஆங்கில எழுத்துகளை ஏற்றி விஎச்எஸ் நாடாவில் பதிவு செய்யத் தொடங்கினார்கள். வேண்டுபவர் வெற்று நாடாவையும் திரும்பி வருவதற்கான தபால் செலவையும் அனுப்பினால், பதிவு செய்து அனுப்புவார்கள். லாபம் பார்ப்பது இழுக்கு. “விற்பனைக்கோ வாடகைக்கோ அல்ல” என்ற வரி படத்தின் மேலேயே வந்து போகும். நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதி எடுக்க எடுக்கப் படம் மங்கி, நிறம் கசிந்து, நான்காவது ஐந்தாவது கை மாறியவருக்குச் சப்டைட்டிலே பாதிதான் தெரியும். அமெரிக்க நிறுவனம் ஒன்று உரிமம் வாங்கிவிட்டால் அந்தத் தொடரின் பிரதியை நிறுத்திவிட வேண்டும் என்று எழுதப்படாத ஒரு கட்டுப்பாடும் அவர்களிடம் இருந்தது. அதாவது, இன்று வாசலில் நின்று கேள்வி கேட்கும் மனப்பான்மைக்கு மூதாதையர்களாக இருப்பவர்கள்தான், அடைத்துக் கிடந்த வாசலைச் சொந்தச் செலவில் திறந்தவர்களும்.

அவர்கள் டப்பிங்கை வெறுத்ததற்கு ஆதாரம் இருந்தது. ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் நௌசிகா திரைப்படத்தை 1985-இல் அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டி, பெயரையும் மாற்றி, குழந்தைகளுக்கான சண்டைப் படம்போல விற்றார்கள். 2004-இல் ஒன் பீஸ் தொடரை ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஃபோர்கிட்ஸ் நிறுவனம், சஞ்சி என்ற பாத்திரத்தின் வாயிலிருந்த சிகரெட்டை அழித்துவிட்டுக் குச்சி மிட்டாயை வரைந்தது. வாயில் மிட்டாயோடு முறைத்துக்கொண்டு சண்டை போடும் சஞ்சியைப் பார்த்த தலைமுறை, டப்பிங் என்றாலே ஏமாற்று வேலை என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை.

இப்போது நிலைமை வேறு. 2006-இல் உரிமம் இல்லாத பதிவேற்றங்களோடு தொடங்கிய க்ரஞ்சிரோல் என்ற அனிமே தளம், 2009-இல் ஜப்பானியத் தொலைக்காட்சி நிறுவனமான டிவி டோக்கியோவுடன் ஒப்பந்தம் செய்து நருடோ ஷிப்பூடென் தொடரை ஜப்பானில் ஒளிபரப்பான அன்றே அதிகாரபூர்வமாகத் தர ஆரம்பித்தது. அதன்பின் வளர்ந்த ஓடிடி முறையில் டப்பிங் என்பது பெரும்பாலும் அதே படத்துக்கு இன்னொரு ஒலித்தடம், அவ்வளவுதான். நீங்கள் பார்த்த சோலோ லெவலிங்கில் தமிழைத் தேர்ந்தெடுத்தாலும் ஜப்பானியத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ரத்தமும் வாளும் காட்சி நீளமும் ஒன்றுதான். இன்னொன்றையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: அது கொரிய எழுத்தாளர் எழுதிய கொரியக் கதை. சங் ஜின்-வூ என்ற நாயகனின் பெயரையே ஜப்பானிய வாசகர்களுக்காக மிசுஷினோ ஷுன் என்று மாற்றித்தான் அங்கே வெளியிட்டார்கள். இதில் எந்த ஒலித்தடத்தைத் தூய மூலம் என்று அவர் காட்டப்போகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

நம் ஊரில் இந்த வாதத்துக்கு வெளிப்படையாகப் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. ஜப்பானிய மொழி அறியாத தமிழ் இளைஞர் ஒருவர் “சப்டைட்டிலோடுதான் பார்ப்பேன்” என்று சொல்லும்போது, அவர் ஏறத்தாழ எப்போதுமே ஆங்கிலத்தில் படிப்பதைத்தான் சொல்கிறார். தமிழ் டப்பிங் பார்ப்பவரும் மொழிபெயர்ப்பின் வழியாகவே கதைக்குள் நுழைகிறார். சப்டைட்டில் பார்ப்பவரும் மொழிபெயர்ப்பின் வழியாகவே நுழைகிறார். ஒருவர் காதால் தமிழில் கேட்கிறார், மற்றவர் கண்ணால் ஆங்கிலத்தில் வாசிக்கிறார். அப்படியிருக்க முதலாமவரை மட்டும் அரைகுறை ரசிகர் என்றால், ஜப்பானியத்தின் மேலுள்ள பற்று என்ற பெயரில் நடப்பது உண்மையில் ஆங்கில வாசிப்புக்கான தேர்வு. என் அக்காள் மகன் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழிக் கல்வி. அவன் ஒரு தொடரை ஆங்கிலச் சப்டைட்டிலில் பார்க்க முயன்றபோது பக்கத்தில் இருந்தேன். ஒரு வரி திரையில் நிற்பது இரண்டு மூன்று நொடி. அவன் நிறுத்துவான், உதடு அசையப் படிப்பான், தெரியாத சொல்லை என்னிடம் கேட்பான், மறுபடி ஓட விடுவான். சண்டைக் காட்சியில் யார் யாரை அடித்தார்கள் என்பதையே தவறவிட்டான், ஏனெனில் கண் கீழ் வரியிலேயே இருந்தது. தமிழ் ஒலி கிடைத்ததும் அதே பையன் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, நாயகன் ஏன் தன் பலத்தை மறைக்கிறான் என்று என்னோடு அரைமணி நேரம் வாதாடினான். இவனை ரசிகன் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும், வேகமாகப் படிக்க இயலாத முதியவர்களுக்கும் டப்பிங்கை விட்டால் வேறு வழியே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரசிகர்கள் போடும் இந்தத் தடையாவது மனதைத்தான் புண்படுத்தும். படத்தையே பார்க்கவிடாமல் செய்யும் சாவி வேறு கைகளில் இருக்கிறது. அமெரிக்க நிறுவனமான ஹார்மனி கோல்டு, மேக்ராஸ் உள்ளிட்ட மூன்று தனித்தனி ஜப்பானியத் தொடர்களை ஒட்டி 1985-இல் ரோபோடெக் என்று வெளியிட்டது. பின்னாளில் மேக்ராஸ் உரிமை பற்றி எழுந்த தகராறு 2021-இல் உடன்பாடு வரும்வரை நீடித்ததால், அதற்குப் பின் வந்த மேக்ராஸ் படைப்புகளில் பெரும்பாலானவை ஜப்பானுக்கு வெளியே முறையாக வரவே இல்லை. அதே 2021-இல் சோனியின் ஃபனிமேஷன் நிறுவனம் க்ரஞ்சிரோலை 117.5 கோடி டாலருக்கு வாங்கியது. பிறகு ஃபனிமேஷன் செயலியே 2024 ஏப்ரல் 2-இல் மூடப்பட்டு, காசு கொடுத்து வாங்கிய டிவிடி, ப்ளூ-ரேக்களோடு வந்த குறியீட்டைப் பதிந்து சேர்த்து வைத்திருந்த டிஜிட்டல் பிரதிகள் பயனர்களின் கையை விட்டுப் போயின. ஆயிரம் எபிசோடுகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் ரசிகருக்கும் நேற்று வந்தவருக்கும் அங்கே ஒரே நீதிதான். இந்திய அரசும் தன் பங்குக்கு 2008-இல் ஷின்சான் தொடரைத் தடை செய்து, அடுத்த ஆண்டு வெட்டுகளோடு அனுமதித்தது.

ரசிகர்கள் ஒன்று சேர்ந்து உருப்படியாகச் செய்ததற்கும் இங்கேயே சான்று உண்டு. ஜப்பானிய இயக்குநர் மகோதோ ஷின்காயின் படத்தை இந்தியத் திரையரங்குகளில் வெளியிடக் கோரி 50,000-க்கும் மேற்பட்டோர் இணையத்தில் கையெழுத்திட்டார்கள். 2019 அக்டோபரில் அவருடைய வெதரிங் வித் யூ இங்கே வெளியானது. அப்போது தமிழ் இல்லை. 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் தொடரின் இன்ஃபினிட்டி காஸில் திரைப்படம் வந்தபோது ஜப்பானியம், ஆங்கிலம், இந்தியோடு தமிழிலும் தெலுங்கிலும் வெளியானது. ஆறு ஆண்டுகளில் இது சாதாரண மாற்றமன்று. யார் உண்மையான ரசிகர் என்று பரீட்சை வைத்து அந்த மாற்றத்தை யாரும் கொண்டுவந்துவிடவில்லை. பார்க்க வந்த கூட்டம் கொண்டுவந்தது.

டப்பிங்கைக் குறை சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கே ஜப்பானியக் குரல்கள்தான் பிடிக்கும். அங்கே குரல் நடிப்பு தனித் தொழிலாக, பயிற்சிப் பள்ளிகளோடு வளர்ந்திருக்கிறது. தமிழ் ஒலியில் சில இடங்களில் வசனம் பாடப்புத்தகம்போல விறைத்து நிற்கிறது, சில இடங்களில் தேவையே இல்லாமல் சினிமா பஞ்ச் வசனம் நுழைகிறது. இவற்றை எழுதினால், அடுத்த தொடர் கொஞ்சம் நன்றாக வர வாய்ப்புண்டு. கேட்பவனைக் கேலி செய்தால் அவன் வாயை மூடிக்கொண்டு போவானே தவிர, வசனம் திருந்தாது.

ஆகவே நண்பரிடம் சண்டை போடாதீர்கள். அவர் பரிந்துரைக்கும் தொடர்களின் பெயரை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், பழைய ரசிகர்களிடம் அந்தப் பட்டியல் உண்மையிலேயே நன்றாக இருக்கும். தமிழில் இருப்பதைத் தமிழிலேயே, உரிமம் பெற்ற தளத்தில் பாருங்கள். மியூஸ் ஏஷியா போன்ற யூடியூப் அலைவரிசைகளில் சில தொடர்கள் இலவசமாகவும் சட்டப்படியும் கிடைக்கின்றன, பெரும்பாலும் சப்டைட்டிலில்தான் என்றாலும். இன்னும் பல நல்ல தொடர்களுக்குத் தமிழ் ஒலித்தடமே இல்லை. எத்தனை பேர் தமிழைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கணக்கு நிறுவனத்திடம் இருக்கும். அடுத்ததற்குச் செலவு செய்யலாமா என்று யோசிக்கும்போது அவர்கள் பார்ப்பது அந்தக் கணக்கையே ஒழிய, உங்கள் வாட்ஸ்அப் குழுவின் தீர்ப்பை இல்லை.