பேக் தானா வளரமாட்டான், தம்பி

கேள்வி: வியாசர்பாடியில் 16 வயதுக்குட்பட்ட பசங்களுக்கு சாயங்காலத்தில் ஃபுட்பால் கற்றுக்கொடுக்கிறேன். பகலில் துறைமுகத்தில் வேலை. இந்த சீசனில் ஐந்து மேட்சில் 14 கோல் வாங்கிவிட்டோம். ஃபார்வர்டு லைன் பிரமாதம். பின்னால்தான் ஓட்டை, எல்லாரும் குள்ளம் வேறு. போன மேட்சில் பின்னால் நடுவில் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் பையன் இரண்டு தப்பு செய்தான், 20-வது நிமிஷத்திலேயே வெளியே கூப்பிட்டுவிட்டேன். அதிலிருந்து அவன் கிரவுண்டு பக்கமே வரவில்லை. ஏரியா பெரியவர்கள், வயது கூடின இரண்டு பேரைப் பின்னால் இறக்கச் சொல்கிறார்கள். வாரம் மூன்று நாள் ஷூட்டிங், கிராஸ், கடைசியில் மேட்ச் என்று உயிரைக் கொடுத்துத்தான் பயிற்சி தருகிறேன். பசங்களிடம் சரக்கு இல்லையா, இல்லை எனக்குத்தான் தெரியவில்லையா?
— பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை கையில் பென்சிலோடு. ஷூட்டிங் இருக்கிறது, கிராஸ் இருக்கிறது, மேட்ச் இருக்கிறது. தடுத்து ஆடுவதற்கென்று மூன்று நாளில் பத்து நிமிஷம்கூட இல்லை. 14 கோலில் பாதிக்கு விடை நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இது நம் பக்கத்து வியாதி. நம் சந்தில் பந்து ஆடுகிற பையன் மூன்று பேரை வெட்டிப் போனால் திண்ணையில் இருக்கிற பாட்டிகூடக் கை தட்டும். அவனை மறித்து நின்றவனுக்கு யார் தட்டினார்கள்? அதனால்தான் முன்னால் ஆடுகிறவன் நம்மூரில் தானாகவே விளைகிறான். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்த நந்தகுமார் சேகர் நம் பக்கத்துப் பையன்தான். விங்கில் பறக்கிறவர். சென்னையின் எஃப்சி 2017-18 சீசனில் கோப்பை வாங்கியபோது நடுவில் ஆடிய தன்பால் கணேஷ் உங்கள் வியாசர்பாடியேதான். பெயர் சொல்லும்படி ஒரு ஸ்டாப்பரைச் சொல்லுங்கள் என்றால் நானே யோசிக்க வேண்டியிருக்கிறது. பேக்கை, அதாவது பின்னால் நின்று தடுத்து ஆடுகிறவனை, யாராவது உட்கார்ந்து வளர்க்க வேண்டும். அந்த யாராவது கோச்தான். வேறு ஆள் கிடையாது.

இன்னொன்று. உங்கள் பசங்கள் சின்ன வயதிலிருந்து ஆடியது ஆளுக்குறைவான செவன்ஸும் (ஏழு பேர்) ஃபைவ்ஸும் (ஐந்து பேர்). அதில் பெரும்பாலும் ஆஃப்சைட், அதாவது பேக்குகளைத் தாண்டி நின்று பந்து வாங்கினால் தப்பு என்கிற விதி, பார்க்கமாட்டார்கள். கோல் பக்கத்திலேயே நின்று எதிராளியை ஒட்டிக்கொண்டால் போதும். அதே பையனை 100 மீட்டர் நீள மைதானத்தில் இறக்கி "லைன் பிடிடா" என்று வெளியிலிருந்து கத்தினால் அவனுக்கு என்ன புரியும்? நான்கு பேக்கும் ஒரே வரிசையாக நின்று நகர்கிற லைன் என்றால் என்ன என்று அவன் கண்ணால் பார்த்ததே இல்லை.

பார்க்க வையுங்கள். காசிமேட்டில் பழைய நைலான் கயிறு கிடைக்கும். வலை கட்டுகிறவர்களிடம் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். முப்பது மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். நான்கு பேக்கும் எட்டு எட்டு மீட்டர் தள்ளி நின்று இடது கையில் கயிற்றைப் பிடிக்கட்டும். எதிராளி வேண்டாம். நீங்கள் பந்தை வலப்பக்கம் உருட்டினால் நான்கு பேரும் சேர்ந்து வலப்பக்கம் போக வேண்டும். கயிறு வெடுக்கென்று இழுத்தால் யாரோ ஒருவன் தூங்கிவிட்டான். தொங்கினால் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நிற்கிறார்கள். முதல் நாள் சிரிப்பார்கள், கயிறு காலில் மாட்டி ஒருவன் விழுவான், விடுங்கள். நாலாவது நாள் கயிற்றைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாத கயிற்றைப் பிடித்த மாதிரியே இடது கையை நீட்டிக்கொண்டு ஓடுவான்கள். அப்போது தெரிந்துகொள்ளுங்கள், உள்ளே இறங்கிவிட்டது.

பந்தும் எதிராளியும் இல்லாமல் இப்படி நகர்வது கேலிக்கூத்து என்று பெரியவர்கள் சொன்னால், இத்தாலியக் கோச் அரிகோ சாக்கியின் மிலான் அணியைச் சொல்லுங்கள். எதிராளி இல்லாத மைதானத்தில் அப்படியேதான் பழகினார்கள். 1989, 1990 இரண்டு வருடமும் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை அவர்களுக்குத்தான்.

அடுத்து, முன்னேறுவதா பின்வாங்குவதா என்பது. பந்து வைத்திருப்பவன் தலை குனிந்திருக்கிறானா, நமக்கு முதுகு காட்டுகிறானா, லைன் மேலே ஏறலாம். தலை நிமிர்ந்து, காலை வீச இடமும் இருக்கிறதா, அவன் உதைக்கும் முன்பே பின்னால் போ. இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுக்கவே எனக்கு ஒரு சீசன் ஆகும். பையன் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பந்தை வைத்திருப்பவனின் முகத்தைப் பார்க்கப் பழக்குவதுதான் கஷ்டம்.

குள்ளம் என்று எழுதியிருந்தீர்கள். 2006 உலகக் கோப்பையில் இத்தாலி கேப்டன் கன்னவாரோ, ஸ்டாப்பர், உயரம் 1.76 மீட்டர். ஏழு மேட்சில் அந்த அணி வாங்கியது இரண்டே கோல்: ஒன்று தன் ஆளே அடித்தது, இன்னொன்று பெனால்டி. அந்த வருடம் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் தோர் விருது அவருக்கு. மேலும், உங்கள் பசங்கள் இன்னும் வளர்கிற வயது. திடீரென்று கால் நீளும்போது ஆறு மாதம் முன்னால் அழகாகத் திரும்பியவன் இன்று தன் காலே தடுக்கி விழுவான். அதைப் பார்த்து "உனக்கு ஆட்டமே வரலடா" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கோல் விழுந்ததும் கோலியையும் ஸ்டாப்பரையும்தான் எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் பத்து விநாடி பின்னால் போங்கள். பந்து எங்கே பறிபோனது? உங்கள் பிரமாதமான ஃபார்வர்டு நாலாவது ஆளையும் வெட்டப் போய் இழந்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றிருப்பான். அந்த 14 கோலையும் ஒரு நோட்டில் எழுதி, எதிரே "எங்கே இழந்தோம்" என்று மட்டும் குறியுங்கள். எத்தனை உங்கள் ஸ்டாப்பர் கணக்கில் வருகிறது என்று பாருங்கள்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் அதே பதினாறு வயது. ரைட் பேக். பின்னால் வந்தவனைப் பார்க்காமல் கோலிக்குப் பந்தைத் தட்டினேன், கோல். அடுத்த நிமிஷமே என் கோச் என்னை வெளியே கூப்பிட்டார். பெஞ்சில் உட்காரச் சொல்லக்கூட இல்லை. டச்லைன் ஓரம் மணலில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் இரண்டு வருடம் என் காலுக்குப் பந்து வந்தாலே வெளியே உதைத்துவிடுவேன். எல்லாரும் "சேஃப்பா ஆடறான்" என்று பாராட்டினார்கள். நான் பயந்து ஆடினேன், அவ்வளவுதான். ஃபார்வர்டு பத்து தடவை வெளியே அடித்தாலும் பதினோராவதுக்கு மன்னிப்பு உண்டு. பேக்கின் தப்பு ஸ்கோரிலேயே ஏறிவிடுகிறது. அதை அவன் தலையில் தனியாகச் சுமக்க விட்டது உங்கள் தப்பு.

வீட்டுக்குப் போங்கள். போன் வேண்டாம். அவன் அம்மா முன்னால், "நான் எடுத்தது தப்புடா, ஞாயிற்றுக்கிழமை நீதான் ஸ்டாப்பர், ரெண்டு கோல் போனாலும் முழு மேட்ச் ஆடறே" என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யவும் வேண்டும். அன்று மூன்றாவது கோல் விழும்போது உங்கள் கை தானாக சப்ஸ்டிட்யூட் பக்கம் போகும். பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயது கூடினவர்களை இறக்கும் யோசனையைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. திருட்டுத்தனம். பிடிபட்டால் அணிக்கே தடை வரலாம். பிடிபடாவிட்டால் உங்கள் பையன்கள் இரண்டு பேர் சீசன் முழுக்க தண்ணீர் பாட்டில் தூக்குவார்கள். பெரியவர்களிடம், "இந்த வருஷம் தோத்தா என்னைத் திட்டுங்கண்ணே, பசங்களை விட்டுடுங்க" என்று சொல்லிவிடுங்கள். திட்டத்தான் செய்வார்கள்.

ஷூட்டிங்கை வாரத்தில் ஒரு நாளாகக் குறையுங்கள். கயிறு மழையில் வழுக்கும். அவரவர் பிடிக்கிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள்.