ஒரே நொதி சோடியத்தை வெளியேயும் பொட்டாசியத்தை உள்ளேயும் எப்படிக் கடத்துகிறது?

செல் சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பு என்ற ஒரே நொதி சோடியத்தை வெளியே தள்ளி பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறதே, ஆள் மாறாட்டம் நடக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே, ஒரு ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவு என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் அந்த ஏடிபி என்ன செய்கிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதிலே இருக்கிறது.

செல்லுக்கு வெளியே லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் சோடியம், உள்ளே 10 முதல் 15 வரைதான். பொட்டாசியம் நேர்மாறு: உள்ளே 140, வெளியே 4 அல்லது 5. அதனால் சும்மா வழிவிட்டால் போதாது, இரண்டையுமே எதிர்த்திசையில் தள்ளியாக வேண்டும்.

நொதியின் நடுவில் அயனிகள் உட்காரும் குழி ஒன்று உண்டு. அது செல்லின் உட்பக்கம் திறந்திருக்கும்போது சோடியத்தைத்தான் இறுக்கமாகப் பிடிக்கும். மூன்று சோடியம் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட் பிரிந்து நொதியின் மேலேயே, அதிலுள்ள ஆஸ்பார்டிக் அமிலம் என்ற ஒரு அமினோ அமிலத்தில், ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் நொதியின் வடிவமே மாறுகிறது. உள்வாசல் மூடிய பிறகுதான் வெளிவாசல் திறக்கும், இரண்டும் ஒன்றாகத் திறப்பதே இல்லை, அதோடு குழியும் உருமாறி சோடியத்தின் மேலிருந்த பிடி தளர்ந்து பொட்டாசியத்தின் மேல் பிடி கூடிவிடுகிறது. இரண்டு பொட்டாசியம் ஏறியதும் பாஸ்பேட் கழன்றுவிடும், புதிய ஏடிபி வந்து சேர்ந்ததும் நொதி பழைய வடிவத்துக்குத் திரும்பி பொட்டாசியத்தை உள்ளே விடும். அப்புறம் மறுபடியும் சோடியம்.

இந்த நொதியைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த யென்ஸ் ஸ்கோ. நண்டுக் கால்களிலிருந்து நரம்பை எடுத்து அரைத்துப் பார்த்தார். மக்னீசியத்தோடு சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து இருந்தால்தான் அதிலிருந்த நொதி ஏடிபியை மளமளவென்று உடைத்தது. கட்டுரை வந்தது 1957இல், வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது 1997இல்! என்னைக் கேட்டால் ரொம்பத் தாமதம்.

இதய நோய்க்குத் தரும் டிஜாக்சின் இந்த நொதியின் வெளிப்பக்கத்தில் ஒட்டி அதை மந்தமாக்குகிறது. அதனால் செல்லுக்குள் சோடியம் கொஞ்சம் ஏற, அதன் பின்னாலேயே கால்சியமும் சேர்ந்து இதயத் தசை பலமாகச் சுருங்கும். அரளி விஷம் பிடிப்பதும் இதே இடத்தைத்தான். பம்பு நின்றால் பொட்டாசியம் செல்லுக்குள் போகாமல் ரத்தத்திலேயே ஏறும், அதனால்தான் அரளி விஷத்தோடு வருபவருக்கு இசிஜியோடு ரத்தப் பொட்டாசியத்தையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.