கோர்ஸ் வேண்டாம் என்கிற பையனுக்கு ஒரு வருடக் கணக்கு

பிளஸ் டூ முடித்த பையன் டிசைனர் ஆகப் போகிறேன் என்கிறான், கல்லூரி மட்டும் வேண்டாம் என்கிறான். கேட்டால் விர்ஜில் அப்லோ என்ற அமெரிக்க டிசைனரின் படத்தைப் போனில் காட்டி, "இவர் ஃபேஷன் படிச்சாரா? லூயி விட்டானுக்கே தலைமை டிசைனர் ஆகலையா?" என்று மடக்குகிறான். சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் குடும்பத்து அம்மா ஒருவர் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் தவித்தால், அவருக்காக இதை எழுதுகிறோம்.

அம்மா, பையன் சொல்வது பொய்யில்லை. அப்லோ ஃபேஷன் கல்லூரிப் பக்கம் போனதில்லை. ஆனால் 2002ல் சிவில் இன்ஜினியரிங் பட்டம் வாங்கினார், 2006ல் கட்டடக்கலையில் முதுகலை முடித்தார். கானாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய அவருடைய அம்மா தையல்காரர்; தைக்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். 2009ல், இரண்டு பட்டம் கையில் இருந்தும், ரோமில் ஃபெண்டி நிறுவனத்தில் மாதம் 500 டாலருக்குப் பயிற்சியாளராகப் போய் உட்கார்ந்தார். 2012ல் ரால்ஃப் லாரனின் விற்காத ஃபிளானல் சட்டைகளை வாங்கி, மேலே ஸ்கிரீன் பிரிண்ட் அடித்து, 550 டாலருக்கு விற்றார். 2013ல் ஆஃப்-ஒயிட் என்ற சொந்த பிராண்டைத் தொடங்கினார். 2018 மார்ச்சில் பிரெஞ்சு ஆடம்பர நிறுவனமான லூயி விட்டானின் ஆண்கள் உடைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றபோது வயது 37. அதன்பின் மூன்றரை வருடம்தான் இருந்தார். 2021 நவம்பரில் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது.

அதாவது 18 வயதில் படிப்பை விட்டவர் இல்லை அவர். வேறொரு படிப்பை முடித்து, அந்தக் கண்ணோடு துணிக்கு வந்தவர். தம்பியிடம் இந்த வரிசையை மட்டும் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். கத்த வேண்டாம், அவனே கணக்குப் போடட்டும். ஃபாரெல் வில்லியம்ஸைக் காட்டினால், 2023ல் அதே நாற்காலியில் அவர் உட்காரும் முன் உலகம் முழுக்கத் தெரிந்த இசைக்கலைஞர் என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம்.

நிஜமாகவே யாரிடமும் போகாமல் கற்றவர் வேண்டுமானால் டாப்பர் டேனைச் சொல்லுங்கள். நியூயார்க் ஹார்லெமில் 1982ல் கடை போட்டார். தோலில் பிரிண்ட் அடிக்கத் தானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டார். குச்சி (Gucci என்ற இத்தாலிய ஆடம்பர பிராண்ட்), லூயி விட்டான், ஃபெண்டி லோகோக்களைப் பெரிது பெரிதாக அச்சடித்து ராப் பாடகர்களுக்கும் குத்துச்சண்டை வீரர்களுக்கும் தைத்துக் கொடுத்தார். அந்த நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போக, 1992ல் கடை மூடப்பட்டது. 2017ல் குச்சி அவருடைய பழைய ஜாக்கெட்டையே பார்த்து அதே மாதிரி ஒன்று செய்தது, காப்பி என்று கண்டனம் எழுந்தது. மறுவருடம் குச்சியின் துணையோடு ஹார்லெமில் அவருக்கு மறுபடி தையலகம் வந்தது. நடுவில் போன 25 வருடத்தை யாரும் ரீல்ஸில் போடுவதில்லை.

இதில் வீட்டுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நண்பர்களுக்கு விற்க நைக்கி லோகோ போட்ட டி-ஷர்ட் அடிக்கப் போகிறான் என்றால் உடனே நிறுத்துங்கள். 1999ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டத்தின் 103ஆம் பிரிவில் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 வருடம் சிறை. அபராதம் 50 ஆயிரத்திலிருந்து 2 லட்சம் வரை. 12 பீஸ்தானே என்பது சமாதானம் ஆகாது.

சரி, என்ன செய்வது? உடனே லட்சக்கணக்கில் கட்டித் தனியார் கோர்ஸில் சேர்க்காதீர்கள், "நீ எப்படியோ போ" என்றும் விடாதீர்கள். ஜூன் தொடங்கி மே வரை ஒரு வருடம் கொடுங்கள். அந்த ஒரு வருடம் வீணாகிவிடுமோ என்ற பயம் தேவையில்லை. நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகம்) பட்டப்படிப்புக்கு, சேரும் ஆண்டின் ஆகஸ்ட் 1 அன்று 24 வயது முடியாமல் இருந்தால் போதும். அங்கே பி.டெஸ். என்ற டிசைன் பட்டப்படிப்புக்கு பிளஸ் டூவில் எந்தக் குரூப் என்றாலும் சரி.

முதல் மூன்று மாதம் மிஷினில் உட்கார வேண்டும். டிசைன் வரைவதெல்லாம் பிறகு. தெருவில் ஆண்கள் சட்டை தைக்கும் டெய்லர் ஒருவரிடம் காலையில் 4 மணி நேரம் விடுங்கள். யூடியூபில் பார்த்ததை வீட்டில் செய்து பார்ப்பதைவிட இது வேகம். முதல் வாரம் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைத் தையல் பிரித்துத் துண்டுகளை எண்ணச் சொல்லுங்கள். முன்பக்கம் 2, முதுகு 1, யோக் (முதுகின் மேல், தோளையொட்டி வரும் துண்டு) 2, கை 2, காலர் 2, காலர் பட்டை 2, கஃப் 4, பாக்கெட் 1, கைப் பிளவுப் பட்டிகள் 4. காலர், கஃப் உள்ளே விறைப்புக்கு வைக்கும் கேன்வாஸை விட்டுவிட்டால் 20 துண்டு. எது எதோடு எந்த வரிசையில் சேர்கிறது என்று எழுதி வைத்து, அதே வரிசையில் மறுபடி தைக்க வேண்டும். காலர் முனை இரண்டும் ஒரே கோணத்தில் வர 15, 20 சட்டை ஆகலாம். இந்தக் கட்டத்தில்தான் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். கழன்றால் உங்களுக்குச் செலவு நூலும் பழைய துணியும்தான். தெரியவேண்டியது சீக்கிரம் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது மாதம் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான பேப்பர் மாதிரி. பிரவுன் பேப்பர், எல் ஸ்கேல், ஃபிரெஞ்ச் கர்வ் எனும் வளைவு ஸ்கேல், டேப் போதும். ஓவர்சைஸ் டி-ஷர்ட்தான் எல்லாப் பையன்களும் முதலில் தொடுவது, சொதப்புவதும் அதில்தான். எல் சைஸ் பேட்டர்னை எடுத்துச் சுற்றிலும் இரண்டு அங்குலம் கூட்டி வெட்டிவிடுவார்கள். கழுத்தும் சேர்ந்து பெரிதாகி, போட்டதும் பின்னால் சரியும். கழுத்து அப்படியே இருக்க வேண்டும். தோளை மட்டும் 5, 6 செ.மீ. நீட்டிக் கைப்பக்கம் இறக்கி, கையின் மேல் வளைவைத் தாழ்த்தி, கையை அகலமாக்க வேண்டும். கை வளைவை அளந்து பார்த்தால் உடம்புத் துண்டின் அக்குள் வளைவுக்குச் சமமாக வரவேண்டும். வராவிட்டால் தோளில் மடிப்பு விழும்.

துணியைத் திருப்பூர் காதர்பேட்டையிலோ ஈரோட்டிலோ கிலோ கணக்கில் வாங்கலாம். சேலம் ஜங்ஷனிலிருந்து ஈரோடு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். 220 முதல் 240 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரை உள்ள காட்டன் சிங்கிள் ஜெர்சி, அதாவது டி-ஷர்ட் பின்னல் துணி கேட்கட்டும். ஓவர்சைஸ் எல் ஒன்றுக்கு வெட்டில் போவதையும் சேர்த்து சுமார் 300 கிராம். கிலோவுக்கு மூன்று டி-ஷர்ட் என்று கணக்கு வைத்தால் ஏமாற மாட்டான். ஒரே கறுப்பு என்று நம்பி இரண்டு ரோலைக் கலந்துவிடக்கூடாது. வேறு வேறு முறை சாயம் போட்டதாக இருந்தால் முன்பக்கம் ஒரு கறுப்பும் கை ஒரு கறுப்புமாக வரும். வெயிலில் வைத்தால்தான் தெரியும், டியூப்லைட்டில் தெரியாது.

வாங்கி வந்ததும் வெட்டக்கூடாது. ரோலைப் பிரித்து ஒரு நாள் தளர்வாகக் கிடத்த வேண்டும். பிறகு ஓரத்தில் ஒரு துண்டு எடுத்து 50 செ.மீ.க்கு 50 செ.மீ. சதுரம் குறித்து, மூன்று முறை துவைத்துக் காயவைத்து அளக்க வேண்டும். நீளம் 47.5 ஆகிவிட்டால் சுருக்கம் 5 சதவீதம். 74 செ.மீ. நீள டி-ஷர்ட்டுக்கு 74ஐ 0.95ஆல் வகுத்து 78 வெட்ட வேண்டும். அகலத்துக்குத் தனியாகக் கணக்கு. சதுரம் சாய்ந்து போயிருக்கிறதா என்றும் பார்க்கட்டும். நூலின் முறுக்கு துணியைத் திருப்பும். அந்தத் துணியில் தைத்தால் நாலு துவையலில் பக்கத் தையல் வயிற்றுக்கு வந்துவிடும். மலிவு டி-ஷர்ட்டில் எல்லோரும் பார்த்திருப்போம், காரணம் இதுதான்.

கழுத்து ரிப், அதாவது கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டி, இன்னொரு பொறி. கழுத்துச் சுற்று 56 செ.மீ. என்றால் ரிப் அதில் 85 சதவீதம், அதாவது 47, 48 செ.மீ. சமமாக வெட்டினால் கழுத்து அலை அலையாக நிற்கும், ரொம்பக் குறைத்தால் சுருங்கி இழுக்கும். ஊசி பால்பாயின்ட் ஊசியாக இருக்கட்டும். சாதா ஊசி பின்னலின் கண்ணியை அறுத்துவிடும். தைத்த அன்று தெரியாத ஓட்டை முதல் துவையலில் திறந்துகொள்ளும்.

பிரிண்ட் வெளியில் கொடுத்து அடிப்பதுதான். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்பதால் முதல் டிசைன் ஒரு நிறம், அதிகம் போனால் இரண்டு நிறம் போதும். டி-ஷர்ட் பிரிண்டுக்குப் பயன்படும் பிளாஸ்டிசால் மை தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் பூச்சின் அடி வரைக்கும் 160 டிகிரி ஏறினால்தான் பிடிக்கும். அவசரத்தில் எடுத்தால் மூன்றாவது துவையலில் பாளம் பாளமாக வெடிக்கும். மொத்தமாக அடிக்கும் முன் ஒரு பீஸை வாங்கி, பிரிண்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்து, ஐந்து முறை துவைத்துவிட்டு மிச்சத்துக்குச் சரி சொல்லட்டும். பாலியஸ்டர் கலந்த சிவப்புத் துணியில் வெள்ளை பிரிண்ட் போடவே வேண்டாம். சாயம் ஏறி இரண்டு நாளில் ரோஸ் ஆகிவிடும். முதல் லாட் 12 பீஸ், அதற்கு மேல் வேண்டாம். கட்டிலுக்கடியில் விற்காத டி-ஷர்ட் மூட்டை கிடக்கும் வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை.

இதே டி-ஷர்ட்டை இந்தியா முழுக்க எல்லாப் பையன்களும் அடித்து விற்கிறார்கள் என்பதுதான் சிக்கல். உங்கள் பையனிடம் இருப்பதும் அவர்களிடம் இல்லாததும் வீட்டுக்குள்ளேயே ஓடுகிற தறி. இருக்கும் பொருளில் 3 சதவீதம் மாற்றினால் போதும் என்று அப்லோ சொல்வார். தம்பியின் 3 சதவீதம் சேலத்தில் கிடைக்கிறது. இளம்பிள்ளை ஜக்கார்டு சேலையில் நெசவுப் பிழை விழுந்த ஒன்றையோ, பாவு முடிவில் மிஞ்சும் துண்டையோ எடுத்துச் சட்டை தைக்கச் சொல்லுங்கள். ஐந்தரை மீட்டர் சேலையில் இரண்டு அரைக்கைச் சட்டை வரும். பார்டர் பட்டன் பட்டிக்கு வரவேண்டுமா, கீழ் விளிம்புக்கா என்பதை வெட்டும் முன் தரையில் விரித்து முடிவு செய்ய வேண்டும். உடம்புத் துண்டு நீளவாக்கில் விழுமா குறுக்கே விழுமா என்பது அதைப் பொறுத்தது.

இங்கே இரண்டு இடத்தில் அடிபடுவான். புட்டாவுக்குப் பின்னால் நீளமாகத் தொங்கும் ஊடை நூல் மோதிரத்திலும் வாட்சிலும் மாட்டி இழுபடும். உள்ளே மெல்லிய காட்டன் லைனிங் வேண்டும். இரண்டாவது, வழுவழுப்பான நூலில் நெய்த துணி தையலில் நழுவும். சேலைக்கு உடம்பில் இறுக்கம் கிடையாது, சட்டைக்கு முதுகிலும் அக்குளிலும் உண்டு. கையை நீட்டியதும் தையல் ஓரத்தில் நூல்கள் விலகிச் சன்னல் மாதிரி தெரியும். ஓரத்தில் ஒன்றரை செ.மீ. விட்டு, ஃபிரெஞ்ச் சீம் (வெட்டிய ஓரம் உள்ளே மறையும் இரட்டைத் தையல்) போட்டு, அளவையும் கொஞ்சம் லூசாக வைத்தால் தாங்கும். உங்கள் வீட்டுக்காரருக்குப் பாவும் ஊடையும் பற்றித் தெரிந்தது எந்தக் கல்லூரி முதல் வருடத்திலும் கிடைக்காது. அப்பாவிடம் போய்க் கேள் என்று அனுப்புங்கள், வீட்டில் பேச்சுவார்த்தையும் திரும்பும்.

ஹூடி பற்றி ஒரு வார்த்தை. 320 ஜி.எஸ்.எம். ஃபிளீஸ் (உள்பக்கம் பஞ்சுபோல் உள்ள தடித்த துணி) ஏற்காட்டு ஏரிக்கரையில் டிசம்பர் மாலைக்குச் சுகம். புதிய பஸ் நிலையத்தில் ஏப்ரலில் போட ஆள் இல்லை. சேலத்தில் விற்க நினைத்தால் 240 ஜி.எஸ்.எம். லூப்நிட் (உள்பக்கம் கண்ணி கண்ணியாக உள்ள பின்னல் துணி) போதும்.

ஆறு மாதம் கழிந்ததும் அவனைத் திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ அனுப்பலாம். விண்ணப்பம் போடும்போது "டிசைனர் வேலை" என்று போடாமல் சாம்பிளிங் பிரிவு என்று கேட்கட்டும். வெளிநாட்டு பையர் அனுப்பும் டெக் பேக், அதாவது உடையின் அளவும் தையல் விவரமும் உள்ள தாள்கள், முதலில் வந்து விழுவது அங்கேதான். அளவு அரை செ.மீ. தப்பினால் சாம்பிள் ஏன் திரும்புகிறது, பேட்டர்ன் மாஸ்டர் அதை எப்படிச் சரிசெய்கிறார் என்பதையெல்லாம் மூன்று மாதத்தில் பார்த்துவிடலாம். சம்பளம் சொற்பமாகத்தான் இருக்கும். ரோமில் கிடைத்த 500 டாலரை அப்போது ஞாபகப்படுத்துங்கள்.

நுழைவுத்தேர்வை இதோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நிஃப்ட் தேர்வு அண்மை வருடங்களில் ஜனவரி, பிப்ரவரியில் நடக்கிறது. விண்ணப்பம் அதற்கு முந்தைய கடைசி மாதங்களில் திறந்துவிடும், தீபாவளி முடிந்ததும் தளத்தைப் பார்க்கத் தொடங்கலாம். எழுத்துத் தேர்வு தாண்டினால் கொடுத்த பொருட்களை வைத்து அங்கேயே ஒரு மாதிரி செய்யும் சோதனை உண்டு. ஆறு மாதம் மிஷினில் உட்கார்ந்த கை அதில் நடுங்காது. சென்னை நிஃப்டுக்கு அனுப்ப வசதியில்லை என்றால் சேலத்திலேயே இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தின் மூன்று வருட டிப்ளமோ இருக்கிறது. பெரியார் பல்கலைக்கழகத்தில் ஜவுளி, ஆடை வடிவமைப்புக்கென ஒரு துறையும் உண்டு. ஒரு வருடத்தில் நோக்கம் மாறி பேட்டர்ன் பக்கமே பிடித்துப்போனால், ஐ.டி.ஐ.யின் ஒரு வருடத் தையல் தொழில்நுட்பமும் கேவலமான வழியில்லை.

பிராண்ட் பெயர், லோகோ, இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாம் முதல் வாரமே அவன் தயாராக வைத்திருப்பான், தடுக்க முடியாது. பெயரை வர்த்தகக் குறித் தளத்தில் உடைகளுக்கான 25ஆம் வகுப்பில் இலவசமாகத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு யாராவது வைத்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடலாம். தனிநபர் ஆன்லைனில் பதிய 4,500 ரூபாய், பத்து வருடத்துக்கு. 12 பீஸும் விற்று, வாங்கியவர்களில் யாராவது திரும்ப வந்து கேட்ட பிறகு கட்டினால் போதும்.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு நாள் அவன் தைத்த சட்டை ஒன்றைக் கையில் வாங்கி உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஓரமெல்லாம் ஓவர்லாக் ஆகியிருக்கிறதா, தொங்கும் நூலை வெட்டியிருக்கிறானா, ஒரு செ.மீ. தையல் ஓரம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகப் போகிறதா? போகிறதென்றால் அடுத்த மாதத் துணிச் செலவுக்குக் கொடுங்கள். வெளிப்பக்கம் மினுக்கி உள்பக்கம் கந்தலாக இருந்தால், இன்னும் ஒரு மாதம் அதே டெய்லரிடமே இருக்கட்டும்.