லேபர் கேம்பில் இஃப்தார்: வாட்ஸ்அப்பில் பணம் சேர்க்கலாமா?

கேள்வி: துபாயில் கணக்காளராக இருக்கிறேன். வரும் ரமலானில் ஒரு வெள்ளிக்கிழமை சோனாப்பூர் லேபர் கேம்பில் (தொழிலாளர் குடியிருப்பில்) 200 பேருக்கு நோன்பு திறக்க உணவு கொடுக்க நண்பர்கள் முடிவு செய்திருக்கிறோம். ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு 50 திர்ஹம் வாங்கி, வீட்டிலேயே பிரியாணி ஆக்கிக் கொண்டுபோகலாமா? ஜகாத் (கட்டாய தர்மம்) பணத்தையும் இதில் சேர்க்கலாமா?

பதில்: அந்த வாட்ஸ்அப் செய்தியை இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். அமீரகத்தில் 2021-இல் வந்த நன்கொடைச் சட்டப்படி, உரிமம் பெற்ற அமைப்புகள் தவிர வேறு யாரும் பொதுவில் நன்கொடை திரட்டக் கூடாது. பணம் கேட்டாலும் அரிசி மூட்டை கேட்டாலும் ஒன்றுதான். மீறினால் சிறை உண்டு, அபராதம் 5 லட்சம் திர்ஹம் வரை போகும். ஆன்லைனில் கேட்டால் இணையக் குற்றச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ‘நம்ம ஊர் ஆட்கள் மட்டும் இருக்கும் குழுதானே’ என்பது அங்கே எடுபடாது.

பணம் உங்கள் கைக்கு வராமல் இருப்பதே பாதுகாப்பு. எமிரேட்ஸ் ரெட் கிரசென்ட், தார் அல் பிர், பைத் அல் கைர் போன்ற அமைப்புகள் ரமலானில் நோன்பாளிகளுக்கு உணவு கொடுக்கும் திட்டங்களை நடத்துகின்றன. நண்பர்கள் அவரவர் பங்கை நேராக அங்கேயே கட்டிவிடலாம். எந்தக் கேம்புக்கு என்ற விருப்பத்தையும் சொல்லிப் பாருங்கள்.

இல்லை, நம் கையால் கொடுத்தால்தான் மனசுக்குத் திருப்தி என்றால், சொந்தப் பணத்தில் செய்யுங்கள். அதற்கும் துபாயின் இஸ்லாமிய விவகாரங்கள் மற்றும் அறப்பணிகள் துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். கேம்ப் நிர்வாகத்தின் சம்மதமும் தேவை. கேம்ப் பாஸுக்குத் தெரியாமல் போனால் வாட்ச்மேன் வண்டியை கேட்டிலேயே நிறுத்திவிடுவார். வீட்டுச் சமையல் வேண்டாம். 200 பேருக்கு ஆக்கி, சூடு குறையாமல் கொண்டுபோக வீட்டில் வசதி கிடையாது. யாருக்காவது வயிறு கெட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். உரிமம் உள்ள உணவகத்தில் ஆர்டர் கொடுங்கள்.

சரி, என்ன கொடுப்பது? எல்லோரும் பிரியாணிதான் கொடுக்கிறார்கள். ஆனால் வெயிலில் நின்றுவிட்டு வந்தவருக்கு முதலில் வேண்டியது தண்ணீர், பேரீச்சம்பழம், லபன் (மோர்), ஒரு பழம். நம் ஆட்கள் இருக்கும் கேம்ப் என்றால் நோன்புக் கஞ்சியைப் பார்த்ததும் முகமே மாறிவிடும். பங்களாதேஷ்காரர்கள் பொரியும் கொண்டைக்கடலையும் தேடுவார்கள், பாகிஸ்தானியர்கள் பக்கோடா தேடுவார்கள். ஆர்டர் கொடுக்கும் முன் கேம்பில் எந்த நாட்டு ஆட்கள் அதிகம் என்று கேட்டுவிடுங்கள்.

பொட்டலம், நோன்பு திறக்கும் நேரமான மக்ரிப் பாங்குக்கு அரை மணி நேரம் முன்னால் வந்தால் போதும். மதியமே சமைத்து மூடி வைத்த சோறு வேண்டவே வேண்டாம். ரமலானில் வேலை நேரம் 2 மணி குறைகிறது என்றாலும், டிராஃபிக்கில் மாட்டி பாங்குக்குப் பிறகு வந்து சேரும் பஸ்களும் உண்டு. அவர்களுக்கு எத்தனை எடுத்து வைப்பது என்று கேம்ப் பாஸிடம் முன்பே பேசிவிடுங்கள். வரிசையில் நேபாளியும் பீகாரியும் நிற்பார்கள். நோன்பு வைத்தவரா என்று கேட்டுக் கொடுக்காதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் சைவக்காரர்களும் அதில் இருக்கலாம் என்பதால் மாட்டிறைச்சி இல்லாமல் பார்த்துக்கொள்வதும், கொஞ்சம் சைவப் பொட்டலம் சேர்ப்பதும் நல்லது.

நாளைப் பற்றியும் யோசியுங்கள். நான் பார்த்தவரை வெள்ளிக்கிழமை ஒரே கேம்புக்கு மூன்று நான்கு வண்டி வரும், பாதி உணவு குப்பைக்குப் போகும். செவ்வாய், புதன் கிழமைகளில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

என்னைக் கேட்டால் சஹரை (நோன்பு வைக்கும் முன் விடியற்காலையில் சாப்பிடும் உணவை) கவனியுங்கள் என்பேன். இஃப்தாருக்குப் பள்ளிவாசலிலாவது ஏதாவது கிடைத்துவிடும். சஹருக்கு, மெஸ்ஸிலிருந்து முந்தைய இரவே வந்த சோறுதான் பலருக்கு. அறையில் முறை வைத்துச் சமைக்கிறவர்கள் என்றால், அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை, தேயிலை என்று ஓர் அறைக்கு ஒரு பை கொடுத்தால் பத்து நாள் ஓடும். ஒரு வேளை பிரியாணியைவிட இது எவ்வளவோ மேல். இதற்கும் அதே அனுமதிதான்.

அப்புறம் போட்டோ. கேட்காமல் ஒருவரைப் படம் எடுப்பதும் அதைப் பகிர்வதும் அங்கே குற்றம். கையேந்தி நிற்கும் தன் படத்தை ஊரில் மனைவி மக்கள் பார்ப்பதை யார்தான் விரும்புவார்? அடுக்கி வைத்த பொட்டலங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஜகாத்தை இதில் கலக்காதீர்கள். அது தகுதியுள்ள எட்டு வகையினருக்கே உரியது. கேம்பில் இருக்கிற எல்லோரும் அதில் வருவார்கள் என்று சொல்ல முடியாது. கொடுக்கும் பொருள் பெறுகிறவரின் உடைமையாக வேண்டும் என்ற நிபந்தனையும் இருப்பதால், விரிப்பில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவது ஹனஃபி மத்ஹப் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) படி ஜகாத்தாகாது. இந்தச் செலவை ஸதகா (விருப்ப தர்மம்) கணக்கில் எழுதுங்கள். உங்கள் ஜகாத் பற்றி உங்கள் மத்ஹப் தெரிந்த ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) தனியாகக் கேளுங்கள்.