படிப்பு நின்னுபோன பிள்ளைங்களுக்கு நாம என்ன செய்யலாம்: தாராவி சாயங்கால வகுப்புல இருந்து கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சால்ல (ஒத்தை ரூம் வீடுங்க வரிசையா இருக்கிற கட்டடம்), சாயங்காலம் ஆறரைல இருந்து ஒன்பது வரைக்கும், ஸ்கூல்ல தடுமாறுற பிள்ளைங்களுக்கும் பாதியில நின்ன பிள்ளைங்களுக்கும் 14 வருஷமா வகுப்பு எடுக்கறேன். கேள்வி அனுப்புங்கன்னு சொன்னதுக்கு நிறைய வந்துச்சு, ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துட்டு பதில் எழுதறேன்.

சயான் கோலிவாடால இருந்து ஒரு அம்மா: பையன் பத்தாவதுல கணக்கு, சயின்ஸ், மராத்தி மூணும் ஃபெயில். அவங்க அப்பா வேலைக்கு அனுப்பிடலாம்ங்கிறார். என்ன பண்றது அக்கா?

முதல்ல ஜூன்-ஜூலைல சப்ளிமென்டரி பரீட்சை வரும், ஃபார்ம் கட்டற தேதியை ஸ்கூல்ல போய் இன்னைக்கே கேளுங்க. அதுல எழுதி ரெண்டு சப்ஜெக்ட் வரைக்கும் பாக்கி நின்னா கூட இங்க ஏடிகேடில, அதாவது பாக்கியை அப்புறம் எழுதிக்கலாம்ங்கிற சலுகைல, பதினொண்ணாவது சேரலாம், அதனால ஒண்ணை மட்டும் தாண்டிட்டா பாதி கவலை போயிடும்.

அதுவும் ஆகலன்னா என்ஐஓஎஸ் இருக்கு, மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி. 14 வயசு முடிஞ்சா பத்தாவது எழுதலாம், அஞ்சு சப்ஜெக்ட், அஞ்சு வருஷ டைம், ஒன்பது வாய்ப்பு. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை பரீட்சை. இப்ப பாஸான சப்ஜெக்ட்ல ரெண்டோட மார்க்கை அப்படியே மாத்திக்கலாம், மீதி மூணு எழுதினா போதும். கணக்கு எடுக்காமலே பாஸ் பண்ணலாம்னு சொல்லி ஆசை காட்டுவாங்க, உண்மைதான், ஆனா நாளைக்கு பாலிடெக்னிக் போகணும்னா கணக்கும் சயின்ஸும் கேப்பாங்க, பையன் என்ன ஆகணும்னு நினைக்கிறான்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. பாஸ் கேரண்டின்னு சொல்ற ஏஜென்ட் கிட்ட மட்டும் போகாதீங்க, எங்க தெருவுலயே ரெண்டு குடும்பம் அப்படி காசு குடுத்து ஒரு வருஷத்தையும் இழந்துச்சு.

அவங்க அப்பாகிட்ட நான் பேசறேன், ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க. ஒருத்தர் சொன்னா கேக்காதவர் நாலு அப்பாங்க உக்காந்திருக்கிற எடத்துல கேப்பார்.

முனிசிபல் ஸ்கூல் டீச்சர் ஒருத்தர்: என் ஏழாவது கிளாஸ்ல 45 பேர், பத்துப் பன்னெண்டு பேருக்கு வாசிக்கவே வரல. சிலபஸையும் முடிக்கணும், என்ன செய்ய?

மேடம், இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். தப்பு உங்க மேல இல்ல, ஏழாவதுன்னு போர்டு மாட்டினதால எல்லாரும் ஏழாவது பாடத்துக்குத் தயாரா இருப்பாங்கன்னு நினைக்கிற ஏற்பாட்டு மேலதான். பிரதம்ங்கிற அமைப்பு இதே மும்பைல 90கள்ல குடிசைப் பகுதி பால்வாடில ஆரம்பிச்சது, அவங்க பின்னாடி பரப்பின முறை ரொம்ப எளிமை: தினம் ஒரு மணி நேரம் வகுப்பை மறந்துடணும், எழுத்து தெரியறவன், வார்த்தை வாசிக்கிறவன், பத்தி வாசிக்கிறவன்னு பிள்ளைங்களை அவங்க இருக்கிற படியை வச்சுப் பிரிச்சு, அங்கிருந்து சொல்லித் தரணும். கொஞ்ச வாரத்துக்கு ஒரு தடவை திரும்பச் சோதிச்சு குழுவை மாத்தணும். பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ எல்லாம் மும்பை, வதோதரா ஸ்கூல்லயே இந்த மாதிரி கூடுதல் வகுப்பை ஆராய்ச்சி பண்ணிப் பார்த்து பலன் இருக்குன்னு காட்டினாங்க, அவங்களுக்கு 2019ல நோபல் கிடைச்சது உங்களுக்கே தெரியும்.

ஒண்ணு சொல்றேன். காலைல இட்லி டப்பா தூக்கற ஒரு பையன் எங்க வகுப்புக்கு வந்தான், 13 வயசு. எழுபத்தஞ்சு இட்லி, ஒண்ணு அஞ்சு ரூபா, எவ்வளவுடான்னு கேட்டேன், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முன்னூத்தி எழுபத்தஞ்சுன்னான். எழுதுடான்னு சிலேட்டைக் குடுத்தா 300705ன்னு எழுதறான். முன்னூறை எழுதி, பக்கத்துல எழுபதை எழுதி, பக்கத்துல அஞ்சை எழுதியிருக்கான். இத்தனை வருஷம் அவன் நோட்டுல சிவப்புல தப்பு போட்டவங்க யாரும் அவன் வாயால சொல்ல வச்சுப் பார்க்கல. தீக்குச்சிய பத்துப் பத்தா கட்டி, நூறு நூறா கட்டி, அந்தக் கட்டை அவன் கையில குடுத்தோம். நாலு நாள்தான் மேடம், சரியா எழுதினான்.

45 பேருக்கு இதை நீங்க ஒருத்தரா செய்ய முடியாது. ஸ்கூல் விட்டதும் ரெண்டு ரூம் குடுக்க ஹெட்மாஸ்டர் கிட்ட லெட்டர் வாங்குங்க, ஆள் நான் அனுப்பறேன். யார் எந்தப் படியில இருக்காங்கங்கிற லிஸ்ட் மட்டும் உங்க கிட்ட இருந்து வேணும், அது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

மாட்டுங்கால இருந்து ரிடையர்டு பேங்க் ஆபீசர்: நாங்க சில நண்பர்கள் நோட்டு, பேக் வாங்கித் தரலாம்னு இருக்கோம்.

ரொம்ப நன்றி சார். ஆனா ஜூன்ல நோட்டும் பேக்கும் நிறைய பேர் குடுத்துடறாங்க. பசங்க விட்டுப் போறது அக்டோபர், நவம்பர்ல. மூணு நாள் வரலன்னா வீட்டுக்குப் போய் கதவைத் தட்டி ஏன்னு கேக்கறதுக்கு ஒரு ஆள் எனக்கு வேணும் சார், உங்க குரூப்ல யாராவது வாரம் ரெண்டு சாயங்காலம் வர முடியுமா? நீங்க பேங்க்ல இருந்தவர், என்ஐஓஎஸ் ஃபார்ம் நிரப்பறது, பிறந்த தேதி ஒரு பேப்பர்ல ஒண்ணு இன்னொண்ணுல ஒண்ணுன்னு இருக்கிறதைத் திருத்தறது, இதுக்கெல்லாம் உங்களை மாதிரி ஆள் கிடைச்சா பெரிய விஷயம்.

பை தைக்கிற காரகானா (பட்டறை) வச்சிருக்கற அண்ணன்: என் கிட்ட 15 வயசுல ரெண்டு பசங்க வேலை பாக்கறாங்க. தப்பா?

14 வயசுக்குக் கீழ யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாதுண்ணா, குழந்தைத் தொழிலாளர் சட்டத்தோட 2016 திருத்தத்துக்கு அப்புறம், குடும்பத் தொழில்ல உதவறது மாதிரி ஒண்ணு ரெண்டு விலக்கு போக, எந்த வேலைன்னாலும் தடைதான். 14ல இருந்து 18 வரைக்கும் ஆபத்தான வேலைக்கு வைக்கக் கூடாது. உங்க கிட்ட நான் கேக்கறது, அந்த ரெண்டு பேரையும் ஆறு மணிக்கு விட்டுடுங்க, பரீட்சை வார லீவுக்கு சம்பளம் பிடிக்காதீங்க. நீங்க கேட்டதே பெரிசு, அவங்க கிட்ட இன்னைக்கே சொல்லுங்கண்ணா.

ஆன்டாப் ஹில் அம்மா: பொண்ணு பி, டி மாத்தி எழுதறா, எல்டி (கற்றல் குறைபாடு) டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க. பயமா இருக்கு.

பயப்படாதீங்கம்மா, இது புத்திக் குறைவும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. முதல்ல கண்ணும் காதும் பாத்துடுங்க. அப்புறம் சயான் ஹாஸ்பிடல்ல இதுக்குன்னே கிளினிக் இருக்கு, ஸ்கூல் லெட்டரோட மார்க்‌ஷீட்டு, நோட்டு எல்லாம் எடுத்துட்டுப் போங்க, ஒரே நாள்ல முடியாது, ரெண்டு மூணு தடவை கூப்பிடுவாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இதையும் சேர்த்திருக்காங்க, சர்டிபிகேட் இருந்தா பரீட்சைல கூடுதல் நேரம் மாதிரி சலுகை கேக்கலாம். சொந்தக்காரங்க என்ன சொல்வாங்கன்னு தள்ளிப் போட்டு ஒன்பதாவதுல வந்து நிக்கற பிள்ளைங்களைப் பாத்து எனக்கு மனசு கேக்காதும்மா, சீக்கிரம் போங்க.

செம்பூர் காலேஜ் மாணவி: நான் வாலன்டியரா வரலாமா அக்கா?

வாம்மா. ஒரே கிழமை, ஒரே நேரம், அதே ரெண்டு பிள்ளைங்க, மார்ச் வரைக்கும். அது முடியும்னா இந்த வாரமே வா.

பேர் சொல்லாத ஒரு தம்பி: எனக்கு 17 வயசு, எட்டாவதுல நின்னேன். சின்னப் பசங்க கூட உக்கார வெக்கமா இருக்கு.

தம்பி, ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வா, அப்ப சின்னப் பசங்க யாரும் வர மாட்டாங்க. ஜன்னல் ஓரம் ஒரு அக்கா உக்காந்திருப்பாங்க, 36 வயசு, மூணு வீட்ல பாத்திரம் தேய்ச்சுட்டு நேரா வருவாங்க, அவங்களும் எட்டாவதுதான் எழுதப் போறாங்க. பக்கத்துல இடம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கேன்.