‘ஓரியன்டேட்’ தவறா?

அறிக்கையில் ‘ஓரியன்டேட்’ (orientate) என்ற ஆங்கிலச் சொல்லை எழுதியதற்கு மேலாளர் சிவப்புக் கோடு போட்டார், அது தவறா என்று கேட்கிறீர்கள். தவறில்லை. ‘ஓரியன்ட்’ (orient), ‘ஓரியன்டேட்’ இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: திசை பார்த்து நிறுத்துவது, புது இடத்துக்குப் பழக்குவது. ஆனால் உங்கள் அறிக்கை அமெரிக்க அலுவலகத்துக்குப் போகிறது என்கிறீர்கள். அங்கே மேலாளர் சிவப்புக் கோடு போட்டதில் வியப்பில்லை. ‘ஓரியன்ட்’ என்றே மாற்றிவிடுங்கள்.

நீங்கள் பிரிட்டிஷ் வழக்கில் படித்திருப்பீர்கள். அங்கே ‘ஓரியன்டேட்’ சாதாரணமாகப் புழங்கும். அமெரிக்கர் காதுக்கு அது தேவையில்லாத வால். குட்டையான ‘ஓரியன்ட்’தான் மூத்தது, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தது. கிழக்கு நோக்கி வைப்பது என்பதே முதற்பொருள். நீளமான ‘ஓரியன்டேட்’ 19ஆம் நூற்றாண்டில் ‘ஓரியன்டேஷன்’ என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வெட்டி எடுத்தது. அதற்காக அதைப் போலி என்பது அநியாயம். ‘டொனேட்’ கூட ‘டொனேஷன்’ வழியாக அப்படிப் பிறந்ததுதான். அதை யாரும் திருத்துவதில்லையே!

அனுப்பும் முன் கோப்பு முழுக்க ஒருமுறை தேடிப் பாருங்கள். ‘டிஸ்ஓரியன்டேட்டட்’ எங்கேயாவது ஒளிந்திருக்கும். அதையும் ‘டிஸ்ஓரியன்டட்’ ஆக்குங்கள். ‘ஓரியன்டேஷன்’ மட்டும் அப்படியே இருக்கட்டும், அது இரு நாட்டுக்கும் பொது. எழுத்துப்பிழை சோதிக்கும் மென்பொருளை நம்பாதீர்கள், பல நேரம் இரண்டையும் விட்டுவிடும்.

அப்புறம் ஒன்று, இந்த வேகத்தில் ‘கமென்டேட்’ மீது கத்தரி வைக்க வேண்டாம். ‘கமென்ட்’ என்றால் கருத்துச் சொல்வது. ‘கமென்டேட்’ கிரிக்கெட்டுக்கு நேர்முக வர்ணனை செய்வது.