ரோபோ போட்டிப் பருவம்: நெல்லைப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவை

நெல்லைப் பக்கத்துப் பள்ளிகளில் ரோபோ அணிகளுக்கு வழிகாட்டி வருகிறேன். இந்தப் பருவத்துக்குத் தயாராகிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

வள்ளியூர், பிளஸ் ஒன் மாணவி: சார், வேர்ல்ட் ரோபோ ஒலிம்பியாடா, ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சா? எதில் சேரலாம்?

எத்தனை பேர் இருக்கிறீர்கள், கையில் என்ன இருக்கிறது என்று பாரும்மா. முதலாவதில் ஓர் அணிக்கு 2 அல்லது 3 பேர். அதன் ரோபோமிஷன் பிரிவில், அச்சடித்த விரிப்பான ஆடுகளத்தில் கொடுத்த வேலைகளைச் செய்து புள்ளி எடுக்க ரோபோ தானாகவே ஓட வேண்டும். ஒரு சுற்றுக்கு 2 நிமிடம். கிளம்பும்போது நீள, அகல, உயரம் 25 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். இரண்டாவதில் ரோபோ பெரிது, 18 அங்குலம் வரை. 12 அடிச் சதுரக் களத்தில் இரண்டு அணிகள் சேர்ந்து இன்னும் இரண்டு அணிகளோடு மோதும். முதல் 30 விநாடி தானாக ஓடும், அப்புறம் 2 நிமிடம் நீங்கள் ஓட்டலாம். செலவும் அதில்தான் அதிகம். ஒரு லெகோ கிட்டும் மூன்று பேரும் இருந்தால் முதலாவதையே எடுங்கள்.

பாளையங்கோட்டை, பத்தாம் வகுப்பு மாணவன்: வகுப்பில் சரியாக ஓடுகிற ரோபோ போட்டியில் வேறு பக்கம் போய்விடுகிறது. அதே புரோகிராம்தானே சார்?

புரோகிராம் அதேதான் தம்பி, மற்றதெல்லாம் மாறிவிட்டது. "2 விநாடி ஓடு" என்று எழுதியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடு. பேட்டரி நிறைந்திருக்கும்போது அந்த 2 விநாடியில் போகிற தூரம் வேறு, இறங்கியபின் போகிற தூரம் வேறு. சக்கரச் சுற்றை வைத்து எழுது. 5.6 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 17.6 செ.மீ. போகும், 88 செ.மீ. போக 5 சுற்று, அதாவது 1800 டிகிரி. பேட்டரி இறங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அடுத்தது வெளிச்சம். உங்கள் வகுப்பில் வெள்ளைக்கு 80, கறுப்புக்கு 10 காட்டிய சென்சார், போட்டி மண்டபத்தில் 60, 6 என்று காட்டலாம். வெள்ளையா கறுப்பா என்று பிரிக்கும் நடுமதிப்பு 45 இல்லை, 33 ஆகிவிடும். அங்கே போனதும் மறுபடி அளந்து எழுத வேண்டும். சக்கரத்தில் தூசி இருந்தால் வழுக்கும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு துடை. இடமிருந்தால் களத்தின் ஓரச் சுவரில் ரோபோவின் பின்பக்கத்தை முட்டவைத்து நேராக்கிக்கொண்டு கிளம்பு.

இதற்கெல்லாம் மேல், ஒரே ஓட்டத்தைப் பத்து முறை ஓட்டிப் பார்த்து எழுதிவை. 20 புள்ளி வேலை பத்தில் ஒன்பது முறை நடந்தால் சராசரி 18. 50 புள்ளி வேலை மூன்று முறைதான் நடந்தால் 15. ரோபோவுக்குப் பெரிய கையை மாட்டி அசத்த நினைக்கிற அணிகள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் இன்ஜினைத் தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்ப்பதும் இப்படி முன்பே சோதித்துக்கொள்ளத்தானே? ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

அம்பாசமுத்திரம், அரசுப் பள்ளி ஆசிரியை: பயிற்சிக்கு ஆடுகளம் வாங்கப் பணமில்லை சார்.

ரோபோமிஷன் ஆடுகளத்தின் படம் பொதுவில் கிடைக்கிறது டீச்சர். அளவு 2362க்கு 1143 மி.மீ. பேனர் அடிக்கிற பிளெக்ஸ் கடையிலேயே அடிக்கலாம். "சுருக்காதீங்க, அப்படியே அடிங்க" என்று அழுத்திச் சொல்லுங்கள். பளபளப்பில்லாத மேட் வகையைக் கேளுங்கள். பளபளத்தால் சென்சார் குழம்பும். பள்ளியில் பிள்ளைகள் கருவிகளைச் செய்து பழக மத்திய அரசு அமைக்கும் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பக்கத்தில் அந்த லேப் உள்ள பள்ளி இருந்தால் போய்ப் பேசுங்கள்.

பேட்டை, லேத் பட்டறை நடத்துபவர்: மகன் அணிக்கு ஒரு பாகம் நானே கடைந்து கொடுக்கலாமா?

கடைய வேண்டாம் அண்ணாச்சி, கற்றுக்கொடுங்கள். அளவெடுக்கவும் அரம் போடவும் உங்களைவிட நன்றாக யார் சொல்லித்தர முடியும்? கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். நடுவர் "இது ஏன் இப்படி?" என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது பையன். வேர்ல்ட் ரோபோ ஒலிம்பியாடில் களத்துக்குள் பயிற்சியாளரையே விடமாட்டார்கள். போட்டியன்று காலைதான் புது விதி ஒன்றைச் சொல்வார்கள், அதையும் பிள்ளைகளே சமாளிக்க வேண்டும்.

ஆலங்குளம், ஒரு தாய்: பிளஸ் டூ படிக்கிறாள். விடலாமா?

அரையாண்டு வரை விடுங்கம்மா. அதற்குப் பிறகும் போட்டி இருந்தால் வேலையைப் பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் கொடுக்கட்டும்.

மேலப்பாளையம், ஒன்பதாம் வகுப்பு மாணவி: அணியில் நான் ஒருத்திதான் பெண். நோட்டு எழுதவும் படம் ஒட்டவும்தான் விடுகிறார்கள். ரோபோவைத் தொடவே விடுவதில்லை.

இது எனக்கு வருத்தம் தருகிற கேள்வி, அடிக்கடி வருகிறது. தப்பு உன்னுடையது இல்லை. மூன்று பேர் அணியில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற இருவரும் எல்லாம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். உனக்குத் தராதது அணிக்கே நஷ்டம். இந்தப் பதிலை உங்கள் சாரிடம் காட்டு. புரோகிராம், கட்டுமானம், குறிப்பேடு மூன்றையும் வாரம் ஒருவராக மாற்றிச் செய்யச் சொல்லு. முதல் வாரம் புரோகிராமை நீ எடுத்துக்கொள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுது, நானே அவரிடம் பேசுகிறேன்.